கூடத்துச் சுவரும் கோட்டுக் கூலியும்

தஞ்சாவூரின் நான்கு ராஜவீதிகளிலும், அவற்றிலிருந்து கிளைத்துச் செல்லும் சந்துகளிலும், நடுவே முற்றம் வைத்து நாற்புறமும் தாழ்வாரம் இறக்கிக் கட்டிய பழைய வீடுகளுக்குள், உறவினர் வீடென்றும் சிநேகிதர் வீடென்றும் சிறு வயது முதல் உரிமையோடு நுழைந்து வந்தவன் நான். அவற்றுள் உட்சுவர் முழுவதும் ஒரே நிறமாக இருந்த கூடத்தை அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தரையை ஒட்டி மூன்றடி, மூன்றரை அடி உயரம் வரையில் செங்காவியோ அரக்கு நிறமோ இருக்கும். அதற்கு மேல் இளம்பச்சை அல்லது இளமஞ்சள். மச்சுக் கட்டைகள் சுவரில் ஏறும் இடத்துக்குக் கீழே ஒன்றரை முழ அகலத்துக்கு நீலம் கலந்த வெள்ளை. கீழ் நிறமும் நடு நிறமும் கூடுமிடத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடும்.

இந்த ஏற்பாட்டை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் அல்லர். பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்காருகிறவன் தலையில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இருந்த காலம் அது. அவன் எழுந்து போன பிறகு தலையளவில் ஒரு வட்டம் சுவரில் தங்கிவிடும். குழந்தைகளின் கை, பெருக்கும் துடைப்பத்தின் நுனி, சாணம் மெழுகும்போது தெறிக்கிற துளி, ஊஞ்சலில் ஆடுகிறவர்கள் உந்துகிற பாதம் ஆகிய யாவும் அந்த மூன்றரை அடிக்குள்ளேயே அடங்குபவை. ஆகையால் அழுக்கைத் தாங்கும் நிறம் கீழே. முற்றத்திலிருந்து வருகிற வெளிச்சத்தை வாங்கி இருட்டுக் கூடத்துக்குள் திருப்பித் தரவேண்டியிருப்பதால் வெள்ளை மேலே. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கு இதமாக ஏதாவது ஒன்று. தாலூகா ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இதே யுக்தியைக் கையாண்டு, கீழே ஒரு கரும்பச்சையையும் மேலே ஒரு மங்கலான மஞ்சளையும் பூசி வைத்தார்கள். அங்கே அது உத்தியோக வாடை அடித்ததற்குக் காரணம் நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் ரஸனையே ஒழிய, பட்டை பிரிக்கிற சம்பிரதாயம் அல்ல.

எங்கள் வீட்டில் 1957ஆம் வருஷம் தை மாதம் தங்கையின் விவாகம் நிச்சயமாயிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடத்துச் சுவர் ஊறிப் போய், கீழ்ப்பட்டையின் எண்ணெய்ச் சாயம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. நடுப்பட்டையிலோ, அடுப்படிப் பக்கத்தில் அத்தை கரித்துண்டால் எழுதி வந்த பால் கணக்கு ஒரு பெரிய சாசனமாக வளர்ந்திருந்தது. சுவாமி படங்களைக் கழற்றியபோது ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் பழைய பச்சையின் புதுக்கருக்கு அழியாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்ததனால்தான், மற்ற இடத்தில் அந்த நிறம் எவ்வளவு வெளுத்துப் போயிற்று என்பதே எங்களுக்குப் புலப்பட்டது. வெள்ளையடித்தே ஆகவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. எந்த நிறத்தில் என்பதில்தான் வந்தது.

அண்ணா சென்னையில் உத்தியோகமாக இருந்தார். அங்கே அவர் குடியிருந்த புது வீட்டில் நான்கு சுவரும் மேல்தளமும் சேர்ந்து ஒரே பாலேட்டு நிறத்தில் டிஸ்டெம்பர் அடித்திருந்தது. அதன் சுத்தத்தைப் பற்றி அவர் கடிதத்திலேயே பலமுறை எழுதியிருந்தார். மார்கழி பிறந்தவுடன் லீவில் வந்தவர், "இந்தப் பட்டையெல்லாம் கர்நாடகம், தரையிலிருந்து மச்சு வரை ஒரே கலர், ரெண்டு நாள் வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தை அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "சம்பந்தி வீட்டார் வந்து சாய்ந்து உட்கார்ந்தால் மறுநாள் சுவரைப் பார்க்கச் சகிக்காதே" என்று பொதுவாகக் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் வெள்ளையடிக்கும் மேஸ்திரி. எங்கள் பாட்டனார் காலத்தில் அவருடைய தகப்பனாரும், பிறகு அவரும் எங்கள் வீட்டுச் சுவர்களைப் பார்த்து வந்தவர்கள். ஆகவே அந்தச் சுவர்களின் ஜாதகம் எங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். அவர் வந்து கொப்புளங்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், விரல் கணுவால் இங்கும் அங்கும் தட்டி, பொக்கையாக ஒலிக்கிற இடங்களுக்குக் கரியால் அடையாளம் போட்டார், அப்புறம் அண்ணாவைப் பார்த்து, "பெரிய தம்பி, கோடு ஏறலாம், இறங்கக் கூடாது. எண்ணெய்ச் சாயம் போட்ட இடத்து மேல சுண்ணாம்பு நிக்காது. அடிச்ச அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், அப்புறம் ஏடு ஏடா உரிஞ்சு விழும். கலியாணப் பந்தல் பிரிக்கறதுக்குள்ள விழுந்துடும்" என்றார். டிஸ்டெம்பருக்கும் அதே கதி என்றார். கீழ்ப்பட்டை முழுவதையும் காரை தெரியும் வரை சுரண்டி எடுத்தாலொழிய ஒரே நிறம் என்பது நடவாத காரியம். அப்படிச் சுரண்டுவதற்கு ஆகிற கூலியில் இரண்டு தரம் பழையபடியே அடித்துவிடலாம். கணக்கு என்றதும் அண்ணா சிறிது யோசித்தார்.

கோடு ஏறலாம், இறங்கக் கூடாது என்று சாதாரணமாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையில் எவ்வளவு சரித்திரம் அடங்கியிருந்தது என்பது மறுநாள் சுரண்டியைப் போட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. கொப்புளம் கிளம்பிய இடத்தில் அரக்கு நிறம் சுருண்டு வந்தது. அதற்கடியில் தவிட்டு நிறத்தில் இன்னோர் எண்ணெய்ச் சாயம். அதற்கும் கீழே வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, மஞ்சள் என்று வருஷத்துக்கு வருஷம் பொங்கலுக்கு ஏறிய சுண்ணாம்பு மடிப்புகள். எல்லாவற்றுக்கும் அடியில், காரையோடு காரையாக இறுகிக் கிடந்தது செங்காவி. விசேஷம் என்னவென்றால், அந்தச் செங்காவி இரண்டரை அடியோடு நின்றுவிட்டது. தவிட்டு நிறத்தின் மேல் விளிம்பு அதற்கு அரையடி மேலே இருந்தது. அரக்கு நிறமோ மூன்றரை அடிக்கு ஏறியிருந்தது. பட்டையின் எல்லை தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

எண்ணெயின் மேல் சுண்ணாம்பு நில்லாது என்பதனால் எல்லையை இறக்க முடியாமற் போனது வாஸ்தவம். ஆனால் ஏன் ஏற்றினார்கள்? மேஸ்திரி அதற்கும் காரணம் வைத்திருந்தார். அவருடைய தகப்பனார் காவி பூசிய நாளில் அந்தக் கூடத்தில் எல்லோரும் தரையிலேதான் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு விசிப்பலகை வந்தது. அதன் பிறகு என் தகப்பனாரின் சாய்வு நாற்காலியும், வக்கீல் குமாஸ்தாக்கள் வந்தால் உட்காருவதற்கென்று வாங்கிப் போட்ட இரண்டு நாற்காலிகளும் வந்தன. மனிதர்கள் உயர உட்கார உட்கார எண்ணெய் வட்டமும் உயர்ந்தது. வட்டத்தை மறைக்கக் கோடும் உயர்ந்தது. குடும்பத்தின் அந்தஸ்து மாறியதை ஒரு சுவர் இவ்வளவு பிரத்தியட்சமாகக் குறித்து வைத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த அடுக்குகளைப் பார்த்ததும் பெரிய கோயில் ஞாபகத்துக்கு வராமல் போகுமா? ராஜராஜன் 1010இல் முடித்த அந்தக் கோயிலின் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருந்த சுவரின் பூச்சு சில இடங்களில் உதிர்ந்திருக்க, அதற்கடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை 1931இல் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆசிரியராகிய எஸ். கே. கோவிந்தசாமி. பின்னர் சென்னை மியூசியத்தைச் சேர்ந்த ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, அவை சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்டப்பட்டவை என்று நிறுவினார். நிறத்தைச் சாந்தே வாங்கிக்கொண்டு தன்னுடன் சேர்த்து இறுகிவிட்டபடியால், அதன்மேல் ஒரு சுவரளவு பூச்சு ஏறியும் அவை அழியவில்லை. எங்கள் கூடத்தின் அடியில் இருந்த செங்காவியும் அந்த ஜாதிதான். மேலே வந்த எண்ணெய்ச் சாயங்களெல்லாம் விரலுக்கு வந்துவிட்டன, காவி மட்டும் சுரண்டிக்கு மசியவில்லை.

சுண்ணாம்பின் ஸ்வபாவத்தை அந்த மேஸ்திரியிடம் கற்றுக்கொண்டதைப்போல் காலேஜில் ரசாயன வகுப்பில் நான் கற்றுக்கொள்ளவில்லை. கொல்லைப்புறத்தில் பாதியாக அறுத்த ஒரு பீப்பாயில், காளவாயில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டார். சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு குமுறிப் புகைந்து கொதித்து, கிளிஞ்சல்கள் ஒவ்வொன்றாக வெடித்து மாவாயின. பக்கத்தில் யாரையும் அவர் நிற்கவிடவில்லை. கண்ணில் ஒரு துளி தெறித்தால் கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சியும் காய்ச்சிய வஜ்ரமும் சேர்த்துக் கரைத்தார். அடிக்கும்போது அது வெறும் நீர்மோராக ஓடிச் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி அது மறுபடியும் கல்லாக மாறுகிறபோதுதான் வெண்மை கொடுக்கும். இது தெரியாத பொறுமையற்றவர்கள், வெள்ளை போதவில்லை என்று கெட்டியாக அடித்துவிட்டு, பிறகு அது பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுண்ணாம்புக்கு எல்லா நிறமும் ஆகாது. மண்ணிலிருந்து வந்த காவிகள் ஆகும். வேட்டிக்குப் போடுகிற நீலம் ஆகும். பிரஷ்ய நீலம் என்று கடையில் விற்கிற கருநீலமோ சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப் பழுப்பாகிவிடும். எங்கள் நடுப்பட்டையின் பச்சை கடையில் வாங்கிய பச்சை அல்ல. மஞ்சட்காவியில் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பெறுகிற, சற்று மங்கலான, வெயில் குறைந்த நேரத்து வாழையிலைப் பச்சை. ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் வேறொரு நிறமும் காட்டுவது சுண்ணாம்பின் வழக்கமாகையால், ஒவ்வொரு தடவையும் ஓர் ஓட்டுச்சில்லில் தடவி, குமட்டியடுப்பின் பக்கத்தில் காயவைத்து, படத்துக்குப் பின்னால் பிழைத்திருந்த பழைய சதுரத்தின்மேல் வைத்து ஒத்துப்பார்த்தார். தங்கைக்கு அந்தப் பச்சை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஆசை. மேஸ்திரி சில்லைச் சில்லாக அவளிடம் காட்டினார். அவள் தேர்ந்தெடுத்தது கடைசியில் பழைய நிறத்துக்கு அணுவளவும் வித்தியாசமில்லாததாகவே முடிந்தது. அவர் ஏதாவது சூழ்ச்சி செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். நிறம் இதுதான் என்று நிச்சயமானதும் கூடம் முழுவதற்கும் வேண்டிய அளவை ஒரே பானையில் கலந்து வைத்துவிட்டார். பாதிச் சுவரில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அந்த நிறம் பிரம்மாவுக்கும் திரும்ப வராது என்றார்.

வேலை மேலிருந்து கீழே இறங்கிற்று. சவுக்குக் கழிகளால் சாரம் கட்டி, முதலில் மச்சை ஒட்டிய வெள்ளையை, தாழை விழுதைத் தட்டி நார் பிரித்த மட்டையால் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார்கள். பிறகு பச்சை. சுண்ணாம்புத் துளி எண்ணெய்ச் சாயத்தின்மேல் விழுந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய்ச் சாயம் சுண்ணாம்பின்மேல் தெறித்தால் அது சுவர் உள்ள மட்டும் நிற்கும். ஆகையால் எண்ணெய் வேலை எப்பொழுதும் கடைசி. புதுச் சுண்ணாம்பு நன்றாகக் காயாமல் அதன் மேல் எண்ணெய்ச் சாயம் பூசுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பின் காரம் ஆளிவிதை எண்ணெயைச் சவுக்காரமாக்கிவிடும், சாயம் வழவழவென்று கையோடு வரும். எங்கள் வீட்டில் அதற்காகவே நாலைந்து நாள் வேலையை நிறுத்தி வைத்தார். மார்கழிப் பனியில் காய்வது தாமதமாகும் என்று தினமும் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணாவின் லீவு கரைந்துகொண்டிருந்தது.

கீழ்ப்பட்டையில் இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஓதம் எண்ணெய்ச் சாயத்துக்குப் பின்னால் சிறைப்பட்டு, உப்புப் பூத்து, வெளிவர வழி தேடியதே அந்தக் கொப்புளங்களுக்கெல்லாம் காரணம். பழைய காவி நாளில் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆகவே தரையை ஒட்டி முக்கால் அடி உயரத்துக்கு மட்டும் சாயம் முழுவதையும் காரை வரையில் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே எண்ணெய் வேண்டாம், காவி கலந்த சுண்ணாம்பே இருக்கட்டும் என்று மேஸ்திரி சொன்னார். அதற்கு மேல் அரக்கு, அப்புறம் பச்சை, அப்புறம் வெள்ளை. ஒரே நிறம் கேட்ட அண்ணாவுக்கு நான்கு நிறம் கிடைத்தது. அத்தைக்கு உண்டான ஸந்தோஷத்தை அவள் மறைக்கப் பிரயத்தனம் செய்ததாகத் தோன்றவில்லை.

இனிக் கோடு. நான்கு நிறத்தையும் கூலியாட்கள் அடித்தார்கள். கோட்டை மட்டும் மேஸ்திரி வேறு யாரையும் தொடவிடவில்லை. ரசமட்டத்தை வைத்து மூலைக்கு மூலை புள்ளி குறித்தார். நூலைக் கரிப்பொடியில் தோய்த்து, ஒரு முனையை ஓர் ஆள் பிடிக்க மறு முனையைத் தாம் பிடித்து, நடுவில் இழுத்து விட்டார். சுவரில் 'டப்' என்று ஒரு கறுப்பு இழை விழுந்தது. தள்ளி நின்று பார்த்த எங்கள் எல்லோருக்கும் அது ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகவே தெரிந்தது. ரசமட்டமோ சரி என்றது. விஷயம் என்னவென்றால், முற்றத்துப் பக்கம் தண்ணீர் வடிவதற்காகக் கூடத்தின் தரையையே வாட்டமாகப் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு மச்சுக் கட்டைகளும் நூறு வருஷத்துப் பாரத்தில் நடுவில் சிறிது தொய்ந்திருந்தன. மேலும் கீழும் கோணலாக உள்ள இடத்தில் நேராக ஒரு கோடு போட்டால், கோணல் என்ற பழி கோட்டின்மேல்தான் விழும்.

அவர் அதைத் துடைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து ஒவ்வொரு மூலையிலும் தரையிலிருந்து ஓர் அளவு, மச்சிலிருந்து ஓர் அளவு எடுத்தார். பிறகு ரசமட்டம் சொன்னதற்கும் தரை சொன்னதற்கும் இடையில், முற்றத்துக்கு அருகில் அரை அங்குலத்தை விட்டுக்கொடுத்தும், உள்மூலையில் கால் அங்குலத்தைக் கூட்டியும், புதிதாக நூல் போட்டார். இந்தத் தடவை அடித்த கோடு எந்த மட்டத்துக்கும் சரியில்லை. கண்ணுக்கு மட்டும் சரியாக இருந்தது. அணில்வால் முடியில் கட்டிய சிறு தூரிகையால், மட்டப்பலகையின் ஓரத்தில் கையை ஓட்டி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் முழங்கை நீளம், மறுபடி தோய்த்து இன்னொரு முழங்கை நீளம் என்று அந்தக் கூடத்தை அவர் சுற்றி வந்ததை நாங்கள் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றோடொன்று சேர்ந்த இடம் எது என்பதைப் பிற்பாடு விரலால் தடவியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பூஜையறை வாசலின் காவிப் பட்டையையும் வெள்ளைப் பட்டையையும் அத்தையே தன் கையால் இட்டாள். அந்த உரிமையில் மேஸ்திரியும் தலையிடவில்லை.

கணக்குத் தீர்க்கும்போது ஒரு சிறு தர்க்கம் உண்டாயிற்று. சுவருக்குச் சதுர அடிக் கூலி போக, கோட்டுக்கு அடிக்கு அரையணா வீதம் தனியாக வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். சுவரில் சேர்ந்ததுதானே கோடு, அதற்கு எதற்குத் தனிக் கூலி என்று அண்ணா வாதித்தார். "சுவர் அடிக்க எங்கிட்ட ஆறு ஆள் இருக்கான் தம்பி, கோட்டுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார் மேஸ்திரி. அத்தை உள்ளே போய்த் தன் முடிப்பிலிருந்து அந்தத் தொகையை எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். அவள் செய்ததே நியாயம் என்பது என் அபிப்பிராயம். விவாகத்துக்கு வந்தவர்களில் ஒருவராவது எங்கள் பச்சையையோ வெள்ளையையோ புகழ்ந்ததாக ஞாபகம் இல்லை. கோட்டைப் பார்த்து, இது யார் கை என்று விசாரித்தவர்கள் பலர். அவர்களில் இருவர் மாசி மாதத்துக்குள் அதே மேஸ்திரியைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு நிறச் சுவரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் நிறத்தைப் பிற்பாடு யோசிக்கலாம். முதலில் கோடு இழுக்கத் தெரிந்த கையைத் தேடிக்கொண்டு, அதற்கான கூலியை வேலை தொடங்குமுன்பே தனியாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.